இளையோர் காரோட்டப் பந்தயங்களை, பெற்ற இடத்தை மட்டும் வைத்து எழுதலாமா?

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மைக்காலமாக ஐரோப்பாவில் நடைபெறும் இளையோர் காரோட்டப் பந்தயங்கள் பற்றிய சிறு செய்திகளும் வெளிவருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் நிறைந்திருந்த பக்கத்தில் ஒற்றை இருக்கைக் கார்களுக்கும் நான்கு வரி ஒதுக்கப்பட்டிருப்பதற்காக முதலில் நன்றி கூறுகிறேன். ஆனால் அந்த நான்கு வரியும் ஓட்டுநரின் பெயர், நாடு, அவர் பெற்ற இடம் என்பவற்றோடு முடிந்துவிடுகின்றன. கீழ்த்தொடரொன்றில் வெற்றி மேடை ஏறிய இளைஞர் அடுத்த ஆண்டு மேல்தொடரில் பதினெட்டாவதாக வந்தால், ‘பின்னடைவு’ என்றோ ‘ஏமாற்றம்’ என்றோ தலைப்பிடப்படுகிறது. மோட்டார் பொறியியல் கற்பித்தவன் என்ற வகையிலும், இத்துறையை நெடுங்காலமாக உன்னிப்பாகக் கவனித்து வருபவன் என்ற வகையிலும், அந்தத் தலைப்புகள் பெரும்பாலும் உண்மைக்குப் புறம்பான எண்ணத்தையே வாசகரிடம் விதைக்கின்றன என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

காரோட்டத்தின் உச்சத் தொடரான போர்முலா 1 ஐ நோக்கிய பாதை இன்று ஏறத்தாழ ஒழுங்குபடுத்தப்பட்ட ஒன்று. எட்டு, ஒன்பது வயதில் கோ-கார்ட் என்ற சிறு பந்தய வண்டியில் தொடங்கும் பிள்ளை, பதினைந்து வயதில் போர்முலா 4 காரில் அமரலாம். 2014 இல் இத்தாலியில் முதன்முதலாக நடத்தப்பட்ட அந்தத் தொடர், இன்று பல நாடுகளில் தனித்தனியாக நடைபெறுகிறது. அதற்கு அடுத்தது பிராந்திய போர்முலா. அதன் மேல், போர்முலா 1 வார இறுதிகளிலேயே அதே தடங்களில் நடத்தப்படும் போர்முலா 3, போர்முலா 2 என்ற இரண்டு படிகள். காரின் வலுவைப் பார்த்தாலே ஏற்றத்தின் செங்குத்து விளங்கும். போர்முலா 3 காரின் எஞ்சின் ஏறத்தாழ 380 குதிரைவலு கொண்டது. போர்முலா 2 இன் எஞ்சின் 620 குதிரைவலுவைத் தொடுகிறது. ஆகவே ஒரு படியில் வென்ற பிள்ளை அடுத்த படியில் கால்வைக்கும்போது, எடை கூடிய, வேகம் கூடிய, வேறு வகையான ரயர் பூட்டிய, முற்றிலும் புதிய இயல்புடைய காரொன்றைப் பழகவேண்டியவராக இருக்கிறார். அவரைச் சுற்றி நிற்பவர்களோ உலகின் ஏனைய கீழ்த்தொடர்களை எல்லாம் வென்று வந்தவர்கள். அவர்களுள் சிலர் அதே காரை இரண்டாவது, மூன்றாவது ஆண்டாக ஓட்டுபவர்கள்.

‘எல்லோருக்கும் ஒரே கார் தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. போர்முலா 3 இலும் போர்முலா 2 இலும் இத்தாலியின் டல்லாரா நிறுவனம் செய்த ஒரேவகை உடற்கூட்டையும், பிரான்ஸின் மெக்காக்குறோம் நிறுவனத்தின் ஒரேவகை எஞ்சினையும், பிரெல்லி ரயர்களையுமே எல்லா அணிகளும் பயன்படுத்துகின்றன என்பது உண்மைதான். ஆனால் 2019 இல் போர்முலா 3 தற்போதைய அமைப்பில் தொடங்கியதிலிருந்து 2025 வரையான ஏழு பருவங்களின் ஓட்டுநர் சம்பியன்களைப் பார்த்தால், பிறேமா அணியிலிருந்து மூவர், ட்ரைடன்ற் அணியிலிருந்து மூவர், ஏ.ஆர்.ரி. அணியிலிருந்து ஒருவர் என்று எழுவரும் மூன்றே மூன்று அணிகளைச் சேர்ந்தவர்கள். பத்து அணிகள், முப்பது கார்கள் ஓடும் தொடரில் இது தற்செயலாக நேரக்கூடியதல்ல. காரின் முன், பின் உயரத்தை ஒரு மில்லிமீற்றர் மாற்றினால் என்ன நிகழும், எந்தத் தடத்தில் எந்த வெப்பத்தில் ரயருக்கு எவ்வளவு காற்று வைக்கவேண்டும் என்பவற்றைப் பல ஆண்டுகளாகக் குறித்து வைத்திருக்கும் பொறியியலாளரும், காரோட்டத்தைப் போலச்செய்து பழக உதவும் நல்ல சிமுலேற்றரும், அனுபவமிக்க இயந்திரவினைஞரும் உள்ள அணிக்கும், ஆண்டுதோறும் ஆட்களை இழந்துகொண்டிருக்கும் அணிக்கும் உள்ள வேறுபாடே அது. எங்கள் ஊர் மாட்டுவண்டிச் சவாரித் திடலில் வண்டியை ஓட்டியவர் யார் என்று கேட்டதும், எந்தச் சோடி மாடு, யாருடைய வளர்ப்பு என்று கேட்காமல் எவரும் அந்த ஓட்டத்தை மதிப்பிடுவதில்லை. காரோட்டச் செய்தியில் அணியின் பெயரை விட்டுவிட்டு ஓட்டுநரை மட்டும் எடைபோடுவது அந்த இரண்டாவது கேள்வியைக் கேளாமல் விடுவதற்கு ஒப்பானது. ஓட்டுநரை அளக்க நேர்மையான கோல் ஒன்று உண்டென்றால், அது அதே அணியில் அவருக்குப் பக்கத்துக் காரில் அமர்ந்திருக்கும் சக ஓட்டுநரின் நேரந்தான்.

இன்னொரு நுணுக்கமும் எமது செய்திகளில் தவறிவிடுகிறது. போர்முலா 3 இலும் போர்முலா 2 இலும் ஒரு வார இறுதியில் இரண்டு பந்தயங்கள் நடைபெறுகின்றன. சனிக்கிழமைக் குறும்பந்தயத்துக்கு, புறப்படும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிகாண் சுற்றில் முன்னணியில் வந்தவர்களின் வரிசை தலைகீழாக்கப்படுகிறது. போர்முலா 3 இல் முதல் பன்னிருவரும் போர்முலா 2 இல் முதல் பதின்மரும் அவ்வாறு மாற்றப்படுகின்றனர். அதாவது தகுதிகாண் சுற்றில் பன்னிரண்டாவதாக வந்தவர் சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் நின்று புறப்படுகிறார். அதில் வென்றால் 10 புள்ளிகள். ஞாயிற்றுக்கிழமைப் பிரதான பந்தயத்தில் வென்றால் 25 புள்ளிகள். இரண்டையும் ‘வெற்றி’ என்ற ஒரே சொல்லால் எழுதிவிட்டால், ஓட்டுநரின் உண்மையான நிலை வாசகருக்கு எட்டாமலே போகிறது. 2024 ஆம் ஆண்டின் போர்முலா 3 சம்பியனான இத்தாலியர் லியனார்டோ போர்னரோலி அந்தப் பருவத்தில் ஒரு பந்தயத்தில்கூட முதலிடம் பெறவில்லை. வார இறுதி தவறாமல் புள்ளி சேர்த்தே பட்டத்தை வென்றார். மறு ஆண்டு போர்முலா 2 பட்டத்தையும் வென்றார். வெற்றிகளை மட்டும் செய்தியாக்கும் பத்திரிகை அவரது பெயரை 2024 முழுவதும் அச்சிட்டிருக்கவே மாட்டாது.

தகுதிகாண் சுற்றைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும், ஏனெனில் ஒரு பிள்ளையின் வார இறுதி பெரும்பாலும் அங்கேதான் தீர்மானிக்கப்படுகிறது. போர்முலா 3 இல் 45 நிமிடப் பயிற்சி, அதன்பின் 30 நிமிடத் தகுதிகாண் சுற்று, அவ்வளவுதான். முன்பு ஓடியே இராத தடமானாலும் அந்த 45 நிமிடத்துக்குள் பழகிக்கொள்ள வேண்டும். புதிய ரயர் தனது முழுப் பிடிமானத்தையும் ஓரிரு சுற்றுகளுக்கே தரும். தரிப்பிடத்திலிருந்து வெளியேறும் சுற்றில் அதை மிக மெதுவாகச் சூடாக்கினால் முதல் வளைவில் கார் நழுவும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் கடைசி வளைவுக்கு வருமுன்னரே ரயரின் மேற்பரப்பு வெந்துவிடும். இவற்றைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே, தனக்கு முன்னால் மெதுவாகச் செல்லும் காருக்கும் பின்னால் வேகமாக வரும் காருக்கும் இடையே தனக்கென ஓர் இடைவெளியைத் தேடிக்கொள்ள வேண்டும். எங்கோ ஒரு கார் சறுக்கிச் சிவப்புக் கொடி காட்டப்பட்டால் ஓட்டம் நிறுத்தப்பட்டு, அந்தச் சுற்று வீணாகும். முப்பது கார்களின் நேரங்கள் ஒன்றரைச் செக்கனுக்குள் அடங்கிக் கிடக்கும் இத்தொடரில், ஒரு வளைவில் இழந்த இரண்டு மூன்று பத்திலொரு செக்கன் ஆறாம் இடத்திலிருந்தவரைப் பதினெட்டாம் இடத்துக்குத் தள்ளிவிடும். அந்தப் பதினெட்டுத்தான் மறுநாள் எமது பத்திரிகையில் ‘ஏமாற்றம்’ ஆகிறது.

இத்தனையையும் கடந்து மேலே வந்தாலும் கதவு திறக்கும் என்ற உறுதி கிடையாது. போர்முலா 1 இல் ஓடுவதற்கு எஃப்.ஐ.ஏ. எனப்படும் சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் சுப்பர் லைசன்ஸ் என்ற ஓட்டுநர் அனுமதி தேவை. அதற்கு மூன்று பருவங்களுக்குள் 40 புள்ளிகள் சேர்க்க வேண்டும். போர்முலா 4 தொடரொன்றின் சம்பியனுக்கு 12, போர்முலா 3 சம்பியனுக்கு 30, போர்முலா 2 இல் முதல் மூன்று இடங்களைப் பெறுவோருக்கு 40 என்று அந்தப் புள்ளிகள் வகுக்கப்பட்டுள்ளன. மக்ஸ் வெர்ஸ்டப்பன் 2015 இல் பதினேழு வயதிலேயே போர்முலா 1 இல் அறிமுகமானதை அடுத்து, 2016 முதல் பதினெட்டு வயது என்ற எல்லையும் விதிக்கப்பட்டது. ஆயினும் போர்முலா 1 இல் நீண்டகாலமாக இருந்த இருக்கைகள் இருபது. பதினோராவது அணி சேர்ந்த பின்னரும் இருபத்திரண்டுதான். ஒஸ்கார் பியாஸ்ட்ரி 2020 இல் போர்முலா 3 பட்டத்தையும் 2021 இல் போர்முலா 2 பட்டத்தையும் அடுத்தடுத்து வென்றும், 2022 முழுவதும் பந்தய இருக்கை இன்றி மேலதிக ஓட்டுநராகக் காத்திருந்தார். 2022 இன் போர்முலா 2 சம்பியன் பெலிப்பே துருகோவிச்சும், 2023 இன் சம்பியன் தியோ பூர்ஷேரும் பட்டம் வென்ற மறு ஆண்டில் போர்முலா 1 பந்தய இருக்கையைப் பெறவில்லை. படியின் உச்சியில் நின்றவர்களுக்கே இதுதான் நிலையென்றால், நடுப்படியில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் ஒரு மோசமான ஞாயிற்றுக்கிழமையை வைத்து அவரது எதிர்காலத்தைத் தீர்ப்பிடுவது எவ்வளவு பொருத்தமற்றது என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியதே அதுதான். போர்முலா 4 இல் ஒரு பருவத்துக்குப் பல இலட்சம் யூரோ செலவாகிறது. போர்முலா 3 இல் அது ஒரு மில்லியன் யூரோவையும் போர்முலா 2 இல் இரண்டு மில்லியனையும் தாண்டுவதாக இத்துறையில் உள்ளோர் வெளிப்படையாகவே கூறுகின்றனர். ஒரு மில்லியன் யூரோ என்பது எமது இலங்கை நாணயத்தில் முப்பது கோடி ரூபாவுக்கும் மேல். பின்னர் போர்முலா 1 உலக சம்பியனான லூயிஸ் ஹமில்டனின் தந்தை மகனின் கார்ட் பந்தயங்களுக்காக ஒரே காலத்தில் பல வேலைகள் செய்தார். 1998 இல் போர்முலா 1 அணியை நடத்தும் மக்லாரன் நிறுவனம் பதின்மூன்று வயதுச் சிறுவனை ஏற்றுக்கொண்டிராவிட்டால் அந்தக் குடும்பம் எத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. இன்னொரு போர்முலா 1 ஓட்டுநரான எஸ்தபான் ஒக்கோனின் பெற்றோர் வீட்டை விற்று, தடம் தடமாகச் செல்லும் கூண்டு வண்டியிலேயே குடியிருந்தனர்.

எம்மவர் குடும்பங்களும் இப்போது இப்பாதையில் கால்வைக்கத் தொடங்கியுள்ளன. லண்டனுக்கு வெளியே கார்ட் ஓட்டும் என் சகோதரியின் மகனை ஒருமுறை தடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஈரம் காயாத காலையில் என் மைத்துனர் முழங்காலிட்டு நான்கு ரயரின் காற்றையும் அளந்தார். பின்பு ஒவ்வொன்றிலும் துளியளவு இறக்கி, மறுபடி அளந்து, சிறு கொப்பியொன்றில் குறித்துக்கொண்டார். கார்ட்டுக்கு அதிர்வு தாங்கும் வில் எதுவும் கிடையாது. தடத்தின் ஒவ்வொரு மேடும் நேரே ஓட்டுபவரின் விலாவுக்கே வந்து சேரும். காப்பு உடையைக் கழற்றியபோது பிள்ளையின் இடது விலா கன்றியிருந்தது. அவன் அதைப் பொருட்படுத்தாமல், தந்தையின் கொப்பியை வாங்கி எத்தனையாவது சுற்றில் பின்பக்கம் நழுவத் தொடங்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைய நாளின் பதிவுக் கட்டணம், ஒரு சோடிப் புதிய ரயர், எஞ்சின் பராமரிப்பு, எரிபொருள் எல்லாம் சேர்த்து ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பங்கு கரைந்திருந்தது. அதுவோ ஏணியின் அடிப்படி மட்டுமே.

இத்தகைய குடும்பங்கள் அடுத்த படிக்குச் செல்ல முயலும்போது ஊர்ச் சங்கங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் உறவினரிடமும் உதவி கேட்பது இப்போது வழக்கமாகி வருகிறது. உதவுவதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அதற்கு முன்னர் ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும். அணிக்குச் செலுத்தும் பருவக் கட்டணத்துக்குள் விபத்தில் உடையும் பாகங்களின் செலவு பெரும்பாலும் அடங்குவதில்லை; காரின் முன்னாலுள்ள சிறகு போன்ற காற்றுத் தகடொன்று முறிந்தாலும் அதற்கான விலைச்சிட்டை குடும்பத்துக்கே வரும். மேலதிகப் பயிற்சி நாட்கள், சிமுலேற்றர் மணித்தியாலங்கள், விமானச் சீட்டுகள் யாவும் வேறு கணக்கு. எனக்குத் தெரிந்த குடும்பமொன்று இருக்கைக்கான முற்பணம் செலுத்தியபின், கூடிய தொகை கொண்டுவந்த வேறொருவருக்கு அந்த இருக்கை கைமாறியது. கொடுத்த பணத்தில் ஒரு பகுதி இன்றுவரை திரும்பவில்லை. பணம் தீர்ந்து பருவத்தின் நடுவில் ஒரு பிள்ளை நின்றுபோனால், அதைச் செய்தியில் ‘விலகினார்’ என்ற ஒற்றைச் சொல் மூடிவிடுகிறது. ஏன் விலகினார் என்று கேட்டு எழுதுவதே பத்திரிகைத் தர்மம் என்று நான் கருதுகிறேன்.

தமிழர்களுக்கு இப்பாதை முற்றிலும் புதியதும் அல்ல. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1996 இல் போர்முலா ஆசியா பட்டத்தை வென்று, பிரித்தானியப் போர்முலா 3 ஊடாகப் பல ஆண்டுகள் போராடி, 2005 இல் ஜோர்டான் அணியில் ஓடிய முதல் இந்தியப் போர்முலா 1 ஓட்டுநரானார். அவ்வாண்டு இன்டியானாபொலிஸில் ரயர் பிரச்சினையால் பெரும்பாலான அணிகள் விலக, ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010 இல் பஹ்ரெய்னில் அறிமுகமானபோது, அணியின் ஆயத்தமின்மையால் தகுதிகாண் சுற்றிலேயே முதன்முதலாக அந்தக் காரை ஓட்ட நேர்ந்தது. ஒரு பயிற்சிச் சுற்றும் இல்லாமல் போர்முலா 1 காரில் தகுதிகாண் சுற்றுக்கு இறங்குவது என்னவென்பதை அறிந்த எவரும் அன்று அவர் பெற்ற கடைசி இடத்தைக் குறைவாகப் பேச மாட்டார்கள். இவர்களுக்கு முன்னால் கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் மாருதிக் கார்களின் எஞ்சினை வைத்து மலிவான ஒற்றை இருக்கைக் கார்களை வடிவமைத்திராவிட்டால், தென்னிந்தியாவில் ஒரு தலைமுறைக்குத் தொடக்கப்படியே இருந்திராது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் நிரந்தரத் தடம் உள்ளது. இந்தியப் போர்முலா 4 தொடரும் 2023 முதல் நடைபெறுகிறது. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து விமானம் ஏறினால் எமக்கு மிக அண்மையில் உள்ள முதற்படி அதுவே. எமது நாட்டில் நுவரெலியாவின் மககஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934 முதல் இருந்து வந்தும், ஒற்றை இருக்கைக் காரில் சர்வதேசப் படிகளை ஏறுவோர் மிக அரிது. அதனாலேயே 2025 இல் யூரோபோர்முலா ஓப்பன் என்ற ஐரோப்பிய ஒற்றை இருக்கைக் கார்த் தொடரில் இலங்கைக் கொடியுடன் ஓடிய யெவான் டேவிட் போன்றோரின் ஒவ்வொரு வார இறுதியும் கவனமாக எழுதப்பட வேண்டியதாகிறது.

ஆபத்தையும் மறைக்கக்கூடாது. 2019 ஓகஸ்ட் 31 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் போர்முலா 2 பந்தயத்தின்போது அந்துவான் ஹூபேர் இருபத்திரண்டு வயதில் உயிரிழந்தார். 2023 ஜூலை 1 அன்று அதே தடத்தில், மழையில் நடந்த பிராந்தியப் போர்முலாப் பந்தயத்தில் டிலானோ வான்ட் ஹொஃப் பதினெட்டு வயதில் உயிரிழந்தார். பணம் கொடுக்கும் பெற்றோரும் உதவும் சங்கங்களும் இதை அறிந்தே கொடுக்கவேண்டும்.

எமது மாணவர்களுக்கு இத்துறையில் வேறு வாசல்களும் இருப்பதை அதே பக்கத்தில் எடுத்துச் சொல்லலாம். போர்க்காலத்தில் எரிபொருள் தடை இருந்தபோது, காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் ஆகிய பழைய கார்களை ஓடவைத்த கராஜ்கள் இவ்வூரில் இருந்தன. அந்தக் கைகளின் பிள்ளைகளும் மாணவர்களும் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பல்கலைக்கழகப் பீடத்தில் பொறியியல் படிக்கின்றனர். பந்தயக் காருக்குப் பின்னால் நிற்கும் பொறியியலாளரும் தரவுகளை ஆராய்பவரும் அணிக்குப் பணம் செலுத்திச் சேர்வதில்லை; அவர்களுக்கு அணியே சம்பளம் கொடுக்கிறது. பல்கலைக்கழக மாணவர் தாமே வடிவமைத்துச் செய்த ஒற்றை இருக்கைக் காருடன் கலந்துகொள்ளும் போர்முலா ஸ்ரூடன்ற் போட்டி பிரித்தானியாவில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

தங்களிடம் நான் வேண்டுவது அதிக இடம் அல்ல. அதே நான்கு வரிக்குள் ஓட்டுநரின் அணி எது, அத்தொடரில் அவருக்கு இது எத்தனையாவது ஆண்டு, தகுதிகாண் சுற்றில் எத்தனையாவதாக வந்தார், அதே அணியின் மற்றக் கார்கள் எங்கே முடித்தன, ஓடியது குறும்பந்தயமா பிரதான பந்தயமா என்பவற்றைச் சேர்த்து அச்சிட்டால் போதும். இவை யாவும் ஒவ்வொரு பந்தயமும் முடிந்தவுடனேயே அமைப்பாளர்களால் வெளியிடப்படுபவை. தங்கள் செய்தியாளர் தேடி அலைய வேண்டியதில்லை. பருவத் தொடக்கத்தில் ஒரு தடவை, கார்ட்டிலிருந்து போர்முலா 1 வரையான படிகளையும் ஒவ்வொன்றுக்கும் உரிய வயது, காரின் வலு, சுப்பர் லைசன்ஸ் புள்ளி, ஏறத்தாழ ஆகும் செலவு என்பவற்றையும் காட்டும் விளக்கப்படமொன்றை அரைப்பக்கத்தில் வெளியிடத் தாங்கள் இணங்கினால், அதை வரைந்து அலுவலகத்தில் நேரில் கையளிக்க நான் ஆயத்தமாக உள்ளேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மோட்டார் பொறியியல் போதனாசிரியர்,
கொக்குவில்.